நாகமணிக்குள் ஒரு யன்னல்

மயில்வாகனம் ஐயா கோசலாவின் கடை மேசையில் ஒரு தாளை விரித்து வைத்தார். "பிள்ளை, உந்த மணியை ஒருக்காத் தொட்டுப் பாரும்" என்றார்.

அது ஊர்காவற்றுறைப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் பெருநாள் நோட்டீஸ். தாளின் ஓரத்தைச் சுற்றி ஒரு செபமாலை ஓடியது. அதன் மணிகள் ஒவ்வொன்றும் இப்போதுதான் தண்ணீரில் தோய்த்து எடுத்தவை போல உருண்டு திரண்டு, உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சத்தோடு நின்றன. கோசலா தொட்டாள். விரலில் வெறும் தாள்தான் பட்டது. கண் நம்பவில்லை. இன்னொரு தரமும் தொட்டாள்.

"நானும் உப்பிடித்தான் தொட்டனான்" என்று ஐயா சிரித்தார். "எங்கடை கோயில் நாகதம்பிரான்ரை தலையிலையும் ஒரு மணி இருக்கெல்லே. நோட்டீசிலை அது மட்டும் ஏன் பிள்ளை மினுங்கிறேல்லை?"

ஏன் மினுங்குவதில்லை என்று கோசலாவுக்குத் தெரியும். பதினொரு வருடமாக அந்த மணியைப் போடுகிறவள் அவள்தான். ஒரு வட்டம், அதற்குள் மஞ்சள், சுற்றிவர ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான்.

"ஆர் ஐயா இதைச் செய்தது?"

"மேரிஜோசப்பின் எண்டு ஒரு பிள்ளை. ஊர்காவற்றுறைத் துறையடியிலை புதுசாக் கடை போட்டிருக்கிறாள். யாழ்ப்பாணத்திலை ஒரு வருசம் இதையே படிச்சவளாம்." ஐயா கோயில் சபையின் தலைவர். எதையும் சுற்றி வளைக்காமல் சொல்கிற மனுசன். "இந்த முறை நோட்டீசோடை கோயில் வளைவிலை கட்டப் பத்தடிப் பதாகையும் அடிக்கிறம். வெள்ளிக்கிழமைக்கு நீரும் ஒண்டு செய்து கொண்டாரும். அவளையும் செய்யச் சொல்லியிருக்கிறன். எது வடிவோ அது. குறை நினையாதையும்."

"இதிலை என்ன ஐயா குறை" என்றாள் கோசலா. வாய்தான் அப்படிச் சொன்னது.

கோசலா புளியங்கூடலில் பிறந்தவள். வயது நாற்பத்தெட்டு. தாய் படுக்கையில் விழுந்தபோது அடுப்படிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. போரில் தீவே இடம்பெயர்ந்து போன காலத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழ் மடிக்கிற வேலைக்குப் போனாள். அங்கே கணினி வந்தது. மடிக்கிற மேசையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்து, தமிழ் எழுத்து அடிக்கவும் படம் வெட்டி ஒட்டவும் பழகினாள். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆகவே திரையில் விரிகிற பட்டியலின் வரிகளை எண்ணப் பழகினாள். மேலே நாலாவது சொல், அதிலிருந்து இறங்கி ஒன்பதாவது வரி, அதற்குள் வலப்பக்கம் மூன்றாவது. இப்படியே எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் பிள்ளையார் சுழி போட்டு எழுதி வைத்திருந்தாள். அந்தக் கொப்பியும் தேவாரப் புத்தகமும் கடையில் ஒரே தட்டில் இருக்கும்.

கலியாணம் சரிவரவில்லை. ஊருக்குத் திரும்பி, தமக்கை இராசமணியோடு இருந்துகொண்டு, றோட்டோரத்தில் இந்தச் சின்னக் கடையைப் போட்டாள். அடையாள அட்டைப் பிரதி, பிறந்தநாள் வாழ்த்து, அந்தியேட்டிக் கிரியை அழைப்பு என்று வருகிற வேலை எதுவும் அவளுக்கு வேலைதான். நாகதம்பிரான் நோட்டீஸ் மட்டும் வேறு. அதற்குத் தலைக்குத் தோய்ந்து, விளக்கேற்றி, மச்சமாமிசம் விலக்கித்தான் கணினிக்கு முன்னால் இருப்பாள். அச்சாகி வருகிற முதல் தாளை ஐயர் வாங்கி நாகதம்பிரானின் பாதத்தில் வைத்துத் தீபம் காட்டுவார். சனத்துக்குள் சனமாக நின்று அதைப் பார்ப்பாள். மற்றப் பெண்களுக்குப் பிள்ளையின் ஏடு தொடக்கலும் சாமத்தியச் சடங்கும் இருந்த இடத்தில் அவளுக்கு அந்த ஒரு தீபம்தான் இருந்தது. அதைத்தான் இப்போது துறையடியில் கடை போட்ட ஒருத்தி கேட்டு வந்திருக்கிறாள்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள். வட்டம் வந்தது. நிறம் வந்தது. வட்டம் உருண்டையாக வரவில்லை. ஓரத்தை மெதுவாக மங்கலாக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கொப்பியைப் பார்த்து ஒன்பதாவது வரியை அமத்தினாள். வட்டம் முழுக்க மணல் தூவினது போல ஆனது. அழித்துவிட்டு மறுபடியும் எண்ணி அமத்தினாள். மறுபடியும் மணல். சித்திரையில் கணினி பழுதாகித் திருத்தப் போன இடத்தில் மென்பொருளையும் புதிதாக்கிக் கொடுத்திருந்தார்கள். புதியதில் எங்கோ நடுவில் ஒரு வரி கூடியிருந்தது. அவளுடைய கொப்பி முழுவதும் ஒரு வரி பிசகிவிட்டது.

பனங்கிழங்கு ஒடியல் காயவைத்த பாயைச் சுருட்டிக்கொண்டு வந்த இராசமணி எட்டிப் பார்த்தாள்.

"எடி, காலமை அவிச்ச முட்டை கீறினாய். இப்ப பொரிச்ச முட்டையே?"

"சும்மா இரெணை."

"இல்லையடி, நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைக்கிறது வழக்கந்தான். ஆனா தலையிலை கொண்டுபோய் வைக்கிறேல்லை."

கோசலாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழும்பிக் குசினிக்குள் போனாள். புளி போட்டு மினுக்கிக் கவிழ்த்து வைத்திருந்த செம்பு கண்ணில் பட்டது. எடுத்துக் கையில் வைத்துத் திருப்பினாள். செம்பு எவ்வளவு திரும்பினாலும் அதன் வயிற்றில் இருந்த வெள்ளைக் கீற்று அசையவில்லை. அது குசினி வாசல்! வளைந்து மெலிந்து, வாசல் அப்படியே செம்புக்குள் நின்றது. ஓகோ, செம்பு தன் பாட்டில் மினுங்குவதில்லை, எதிரே எது திறந்திருக்கிறதோ அதைத்தான் காட்டுகிறது என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியது கைக்கு வரவேண்டுமே. மஞ்சள் வட்டத்தின் மேல் ஒரு வெள்ளை வாசலைப் போட்டாள். அது கிழிந்த கடதாசித் துண்டை ஒட்டினது போல இருந்தது.

புதன்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனாள். தமக்கையின் அடையாள அட்டைக்குப் பிளாஸ்ரிக் உறை போட வேண்டும் என்பது சாட்டு. உறை போடுகிற மெசின் அவளுடைய கடையிலேயே இருந்தது.

மேரிஜோசப்பினுக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் மாதாவின் சின்னச் சுரூபம். கோசலா படி ஏற முன்னமே எழும்பிவிட்டாள்.

"வாங்கோ அக்கா! நீங்கள் புளியங்கூடல் கோசலாக்கா எல்லே? இருங்கோ, இந்தக் கதிரை ஆடும், மற்றதிலை இருங்கோ. பிளேன்ரீ ஊத்தட்டே?"

"வேண்டாம் பிள்ளை. இதுக்கு உறை போட்டால் காணும்."

"உங்கடை நோட்டீசுகள் நான் பாத்திருக்கிறன் அக்கா. பத்து நாள் திருவிழாவையும் உபயகாரற்றை பேரையும் ஒரு பக்கத்துக்குள்ளை நெருக்கமில்லாமல் வைக்கிறியள். எனக்கு உது வரவே வராது."

ஏசியிருந்தால் கோசலாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். புகழ்ச்சி ஒவ்வொன்றும் நெருஞ்சி முள்ளாகத் தைத்தது. பொல்லாதவளாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, வெறுக்கவும் ஒரு பிடி கிடைக்கவில்லை.

"நாகதம்பிரான்ரை மணி செய்து முடிச்சிட்டன். நீங்களே பாத்துச் சொல்லுங்கோ" என்று மேரிஜோசப்பின் திரையைத் திருப்பினாள். கள்ளமில்லாதவள். போட்டிக்கு வந்தவளுக்கே காட்டுகிறாள்.

திரை முழுவதும் ஒரு சிவப்பு மணி. மாணிக்கம் என்றால் மாணிக்கம்தான். ஒரு பக்கம் இளஞ்சிவப்பில் தொடங்கி மற்றப் பக்கம் இருண்டு போய், அடி விளிம்பில் மறுபடியும் கொஞ்சம் வெளித்து, கீழே மெல்லிய நிழலோடு நின்றது. கைநீட்டினால் உருண்டு விழும் போல இருந்தது. எப்படியடி, எப்படி?

"மேலை அந்த வெள்ளை என்ன பிள்ளை?"

"யன்னல் வெளிச்சம் அக்கா. செபமாலை மணி சின்னன், அதுக்கு ஒரு பொட்டு வெளிச்சம் காணும். இது பெரிசெல்லே. பெரிய உருண்டையெண்டால் அதிலை ஒரு யன்னல் தெரியிற மாதிரிப் போடோணும் எண்டு படிப்பிக்கேக்கை காட்டித் தந்தவை."

கோசலா கிட்டப் போய்ப் பார்த்தாள். உருண்டையோடு வளைந்த ஒரு யன்னல். நாலு வெள்ளைக் கண்ணாடி. மேல் இரண்டும் குட்டை, கீழ் இரண்டும் நெட்டை. அவற்றுக்கு நடுவே நெடுக்காக ஒரு சட்டம், குறுக்காக ஒரு சட்டம். வெள்ளைக்கு நடுவில் சிவப்பாக அந்த இரண்டு சட்டங்களும்...

சிலுவை.

மேரிஜோசப்பினின் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். யன்னலைப் போட்டவளுக்கு யன்னல்தான் தெரிந்தது. நாகதம்பிரானின் படத்தின் மேல், தலையில் இருக்கிற மணிக்குள், வேதக்காரப் பெண் ஒருத்தி சிலுவை வைத்துத் தந்தாள் என்று ஊர் சொல்லப் போகிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"வடிவா இருக்குப் பிள்ளை" என்றாள் கோசலா. அட்டையை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழி முழுக்கக் கோசலா தேவாரம் பாடிக்கொண்டு சைக்கிள் மிதித்தாள். இப்படி வாய்விட்டுப் பாடி எத்தனையோ நாளாகிவிட்டது. எந்த நினைப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு பாடுகிறேன் என்பது நடுவழியில் உறைத்தது. பாட்டு நின்றது. சந்தோசம் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை முடிய, கோயில் மண்டபத்தில் மயில்வாகனம் ஐயா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேரிஜோசப்பின் தன்னுடையதை முதல் நாளே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கோசலாவின் மஞ்சள் மணி ஒன்று. அந்தச் சிவப்பு மணி ஒன்று. ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். சின்னத் தாளில் அந்த மணி நெல்லிக்காய் அளவுதான். யன்னல் அதில் வெறும் மினுக்கமாகத்தான் தெரிந்தது.

"பிள்ளை, நீரே சொல்லும். கண்ணிருக்கிறவை எதை எடுப்பினம்?"

"அதைத்தான் ஐயா" என்றாள் கோசலா.

"அப்ப அது. நாளைக்குக் காலமை அச்சுக்குப் போகுது. பதாகையும் அதுதான். பத்தடியிலை பாக்க உந்த மணி பானையளவு வரும்!"

பானையளவு. பானையளவில் மினுக்கம் மினுக்கமாக இருக்காது. றோட்டால் போகிற பஸ்சில் இருந்து பார்த்தாலே சிலுவை தெரியும்.

இப்போது ஒரு சொல் போதும். 'ஐயா, அந்த மணிக்குள்ளை வடிவாப் பாருங்கோ.' நோட்டீஸ் அவளிடமே திரும்பி வரும். மேரிஜோசப்பினைப் பிறகு ஒருவரும் கோயில் வாசலுக்கு எடுக்கமாட்டார்கள். சொல்லாமல் விட்டாலும் போதும். பதாகை ஏறும், சனம் பார்க்கும், அந்தக் கடையின் கதை முடியும். சும்மா துறையடிக் கடையோடு முடியாது. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகிற இரண்டு பக்கத்துச் சனமும் ஒரே பஸ்சில், ஒரே சந்தையில் முகம் பார்த்துத் திரிகிற தீவு இது. எதற்குத்தான் வாய் திறக்காது இந்தச் சனம்?

மூன்றாவது வழியும் ஒன்று இருந்தது. அதில் அவளுக்கு ஒன்றும் கிடையாது.

மூலஸ்தானத்துக்கு முன்னால் போய் நின்றாள். கைகூப்பினாள். 'நாகதம்பிரானே' என்று தொடங்கியவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. எந்தப் பக்கம் கேட்டாலும் கேட்கிறது தன் வயிற்றெரிச்சல்தான் என்று தெரிந்தது. உள்ளே இருட்டு. சின்னக் குத்துவிளக்கு ஒன்று கீழேயிருந்து எரிந்தது. நாகபடத்தின் கீழ்ப்பக்கம் மட்டும் வெளிச்சத்தில் அசைந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திருநீறு எடுக்கவும் மறந்து, கொதிக்கிற வெயிலில் சைக்கிளை ஊர்காவற்றுறைப் பக்கம் திருப்பினாள்.

"பிள்ளை, அந்த மணியைத் திற" என்றாள் கடைக்குள் ஏறினதும் ஏறாததுமாக.

மேரிஜோசப்பின் திறந்தாள். கோசலா யன்னலின் நெடுக்குச் சட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். பிறகு குறுக்குச் சட்டத்தில் இடமிருந்து வலம் இழுத்தாள்.

மேரிஜோசப்பினுக்கு முகம் வெளுத்தது. "யேசுவே" என்று நெஞ்சில் கை வைத்தாள். "அக்கா, சத்தியமா யன்னல் அக்கா! நான் நினைச்சுக்கூடப் பாக்கேல்லை. எனக்கு உங்கடை கோயிலை..."

"எனக்குத் தெரியும். புதன்கிழமையே கண்டனான்."

"புதன்கிழமையோ? அப்ப ஏன்..."

மேரிஜோசப்பின் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இப்ப என்ன அக்கா செய்யிறது? சட்டத்தை எடுத்தால் வெறும் வெள்ளைச் சதுரம் நிக்கும். செத்த மணி மாதிரிக் கிடக்கும்."

"மூலஸ்தானத்துக்கு யன்னல் ஏது பிள்ளை?" என்றாள் கோசலா. "உள்ளுக்கு விளக்கு மட்டுந்தான். அதுவும் கீழை. மணி மினுங்கிறதெண்டால் அந்தச் சுடர்தான் அதிலை தெரியோணும். மேலாலை வெளிச்சம் வராது."

மேரிஜோசப்பின் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு கை வேகமாக ஓடியது. யன்னல் போனது. கீழ்ப்பக்கத்தில் சுடர் வடிவில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அதை உருண்டையோடு வளைத்து, ஓரத்தை மங்கலாக்கி, நுனியை மட்டும் கூர்மையாக விட்டாள். இருண்ட பக்கத்தை மேலுக்குக் கொண்டுபோனாள். நிழலை எடுத்துவிட்டாள்.

முன்னைய மணி வடிவான மணி. இது உயிருள்ள மணி. இருட்டுக்குள் யாரோ விளக்கைத் தூண்டிவிட்ட அந்த நேரத்தில் பார்த்தது போல இருந்தது. கோசலாவுக்கு உடம்பு புல்லரித்தது. அதே மூச்சில், பழைய எரிச்சல் இரண்டு பங்காக எழும்பியது. பதினொரு வருடம் தனக்கு வராத மணி, தன் கண் பார்த்ததைக் கொண்டு, இன்னொருத்தியின் கையால் வந்துவிட்டது!

"அக்கா, கீழை உங்கடை பேரையும் போடுறன். இரண்டு பேரும் செய்தது எண்டு."

"வேண்டாம் பிள்ளை. உம்முடை வேலை, உம்முடை பேரிலையே போகட்டும்."

"அப்ப நான் உங்களுக்கு என்ன செய்ய?"

கோசலா பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். "உந்த உருண்டையை எனக்குக் காட்டித் தாரும். பேர் சொல்லாதையும், எனக்கு விளங்காது. எத்தினையாவது வரி எண்டு சொல்லும்."

மேரிஜோசப்பின் சிரிக்கவில்லை. திரையில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். கொப்பியில் ஒன்பது பத்தாக மாறியது. மணல் போய், மங்கல் வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் அந்த 'வேண்டாம்' கோசலாவின் நெஞ்சில் கொக்கியாகக் கொழுவியது. ஏன் சொன்னேன்? இன்னொரு தரம் கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேனே. சிலவேளை கேட்காமலே போடுவாளோ? போடுவாள், நல்ல பிள்ளைதானே, போடுவாள் என்று நினைத்து நினைத்துச் சைக்கிளை மிதித்தாள்.

ஆறு நாள் கழித்து நோட்டீஸ் கட்டோடு மயில்வாகனம் ஐயா கடைக்கு வந்தார். புளியங்கூடல் வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுக்கிறது எப்போதும் கோசலாதான். அவள் ஒரு தாளை எடுத்தாள். சுவாமி படத்தைப் பார்க்கவில்லை, மணியைப் பார்க்கவில்லை. கண் நேரே கீழ் மூலைக்குத்தான் போனது. மேரிஜோசப்பினின் பெயர் மட்டும் இருந்தது. சொன்னபடியே செய்திருக்கிறாள்.

"பாத்தீரோ பிள்ளை? முதல் தாளை ஐயர் பாதத்திலை வைக்க எடுத்தவர், வைக்காமல் பாத்துக்கொண்டு நிண்டார். 'இது உள்ளுக்கு நிண்டு பாத்த கண்' எண்டார். அச்சுக்குக் குடுக்க முதல் வெளிச்சத்தை மாத்தினவளாம். அந்தப் பிள்ளை மூலஸ்தானத்தைக் கண்டதே இல்லை. கீழாலை விளக்கு எரியிறது அவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? தெய்வச் செயல் எண்டுதான் சொல்லோணும்."

முதல் தாளுக்குக் காட்டுகிற அந்தத் தீபம் அவள் இல்லாமலே முடிந்துவிட்டது. இந்த முறை அவளை ஒருவரும் கூப்பிடவில்லை.

"அது நான் சொன்னது ஐயா" என்றாள் கோசலா. நினைக்கிறதுக்கு முன்னமே வாயிலிருந்து விழுந்துவிட்டது.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"பிள்ளை, பதினொரு வருசம் செய்தனீர். எரிச்சல் வரும்தான், மனுசருக்கு இயற்கை. அதுக்காண்டி மற்ற ஆளின்ரை வேலையை என்ரை எண்டு சொல்லப்படாது. நாகதம்பிரான் பாத்துக்கொண்டிருக்கிறார்."

கொதிக்கிற வெயிலில் அன்றைக்கு ஏன் துறையடிக்குப் போனாள் என்று சொன்னால் அவர் நம்புவார். அதைச் சொன்னால் யன்னலையும் சொல்ல வேண்டும். யன்னலைச் சொன்னால், அந்தப் பிள்ளை எதை அறியாமல் வைத்தாள் என்பதும் ஊருக்குப் போகும். பிறகு அழித்த சிலுவையும் அழியாத சிலுவையாகிவிடும்.

கோசலா நோட்டீஸ் கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

"ஓம் ஐயா" என்றாள். "எரிச்சல்தான்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லாதபடியால், அவர் முகத்தைப் பார்த்தே அவளால் அதைச் சொல்ல முடிந்தது.